ஆர்சனல் மூழ்கியது!

எங்கள் செக்ஷனில் நாலு பேர். நாலு பேருக்கும் நாலு இங்கிலீஷ் ஃபுட்பால் டீம். நடுராத்திரி டி.வி. பார்த்துவிட்டு, காலையில் கண் சிவக்க வந்து, ஃபைலில் தலையை வைத்துக்கொள்வோம். ஆர்சனல் பையன் (பெயர் வேண்டாம், மானநஷ்ட வழக்குப் போடுவான்) டீம் தோற்ற மறுநாள் கேன்டீனில் வடையைத் தொட மாட்டான். "நாங்க மூழ்கிட்டோம் சார்" என்பான். லண்டனை மேப்பில்தான் பார்த்திருக்கிறான். ஆனாலும் 'நாங்க'!

நான் எவர்ட்டன். ஏன் என்று கேட்காதீர்கள். தோற்கிற பக்கம் சேருவது எங்கள் பரம்பரை வியாதி. எவர்ட்டன் என்று ஒரு கப்பல் இருந்தது, அதைப் பீரங்கியால் சுட்டார்கள் என்று படித்ததும் எனக்கு எப்படி இருந்திருக்கும்? மேலே தோண்டினேன்.

இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் கிரிம்ஸ்பி. ஒரு காலத்தில் ஊரே மீன் வாசனை. அங்கே கன்சாலிடேட்டட் ஃபிஷரீஸ் என்று ஒரு கம்பெனி. 1930-களில் இவர்கள் தங்கள் ட்ராலர்களுக்கு, அதாவது கடலடியில் வலையை இழுத்துப் போகிற மீன்பிடிக் கப்பல்களுக்கு, ஃபுட்பால் கிளப்களின் பெயரை வைக்க ஆரம்பித்தார்கள். ஆர்சனல், ஆஸ்டன் வில்லா, லிங்கன் சிட்டி, நாட்ஸ் கவுன்ட்டி... பிற்காலத்தில் ரியால் மாட்ரிட் கூட! நம்ம ஆளாயிருந்தால் குலதெய்வம் பெயரோ, மாமியார் பெயரோ வைத்திருப்பார்.

இதில் ஒரு தமாஷ். 1936-ல் எஃப்.ஏ. கப் செமி ஃபைனல். ஊர் டீமான கிரிம்ஸ்பி டவுனை 1-0 என்று தோற்கடித்தது ஆர்சனல். ஊர்க்காரன் வயிறெரிந்து துறைமுகத்துக்குப் போனால், அங்கே சொந்த ஊர்க் கப்பலிலேயே 'ஆர்சனல்' என்று கொட்டை எழுத்து. (கிரிம்ஸ்பி டவுனின் மைதானமும் கிரிம்ஸ்பியில் இல்லை, பக்கத்து ஊரான கிளீதோர்ப்ஸில் இருக்கிறது. சொந்த ஊர் மேட்ச் எல்லாமே அவர்களுக்கு வெளியூர் மேட்ச்!)

தமாஷ் இதோடு சரி.

கப்பலில் போனவனுக்கு மேட்ச் பார்க்க நேரம் ஏது? ஐஸ்லாந்துப் பக்கம் மூன்று வாரம், கரையில் மூன்று நாள். அந்த மூன்று நாளில் சம்பளத்தைத் தண்ணீராய் விடுவதால் அவர்களுக்கு 'மூன்று நாள் லட்சாதிபதி' என்கிற மாதிரி ஒரு பட்டப்பெயர். புருஷன் கடலுக்குப் புறப்படுகிற நாளில் பெண்டாட்டி துணி துவைக்கக் கூடாது. துவைத்தால் அவனைக் கடல் அடித்துக்கொண்டு போய்விடுமாம். ஆள் ஊருக்குக் கிளம்பின கையோடு வீடு கூட்டினால் என் பாட்டி திட்டுவாள். அவளை கிரிம்ஸ்பிக்கு அனுப்பியிருந்தால் ஒரே நாளில் ராசியாகியிருப்பாள்.

1939-ல் யுத்தம் வந்தது. ட்ராலர்களைக் கடற்படை எடுத்துக்கொண்டது. மீன் வலை இருந்த இடத்தில் துப்பாக்கி. கண்ணிவெடி பொறுக்கவும் நீர்மூழ்கி தேடவும் அனுப்பினார்கள். அப்புறம் வந்த செய்திகளை ஸ்போர்ட்ஸ் பக்கத்தில் போட முடியாது. 1940 மே மாதம், நார்வே கரையில் ஜெர்மன் விமானங்கள் குண்டு போட்டதில் ஆஸ்டன் வில்லா காலி. ஜூனில் பிளாக்பர்ன் ரோவர்ஸ். நவம்பரில் ஸ்காட்லாந்தின் கிளைடு பக்கம் ஆர்சனல் மூழ்கியது. மோதியது எதிரி இல்லை, கூட்டாளி நாடான போலந்தின் போர்க்கப்பல். சேம் சைடு கோல் என்று சொல்ல வாய் வருகிறது, மனசு வரவில்லை. 1941 பிப்ரவரியில் ஃபாரோ தீவுகளில் லிங்கன் சிட்டி. 1942 மார்ச்சில் ஐஸ்லாந்துப் பக்கம் நாட்ஸ் கவுன்ட்டியை நீர்மூழ்கி டார்ப்பிடோவால் அடித்தது. அதில் போனவர்களில் எத்தனை பேர் அந்தந்த டீமின் ரசிகர்கள்? பெரும்பாலும் ஒருவன்கூட இருந்திருக்க மாட்டான் என்பது என் கட்சி. கம்பெனி ஆபீசில் யாரோ வைத்த பெயர்.

யுத்தம் முடிந்தும் கடல் விடவில்லை. 1953-ல் லெஸ்டர் சிட்டி, ஆர்க்னி தீவுகளின் பாறையில் மோதி உடைந்தது. உயிர்கள் போயின.

என் எவர்ட்டன் கதை 1973-ல். அதற்கு முந்தைய வருஷம்தான் ஐஸ்லாந்து தன் மீன்பிடி எல்லையை 12 மைலிலிருந்து 50 மைலாக்கியிருந்தது. 'எங்களுக்கு இருக்கிற ஒரே சொத்து மீன்' என்றது. நியாயம்தானே? எவர்ட்டன் ரசிகனான நானே ஒத்துக்கொள்கிறேன். 'தலைமுறையாய்ப் பிடிக்கிற இடம்' என்றார்கள் கிரிம்ஸ்பிக்காரர்கள். அதுவும் பொய்யில்லை. மே 26 அன்று ஐஸ்லாந்தின் காவல் கப்பல் ஐகிர், எவர்ட்டனை நிற்கச் சொன்னது. கேப்டன் நிற்கவில்லை. நிஜக் குண்டுகளே பாய்ந்தன. உடம்பில் ஓட்டை, உள்ளே தண்ணீர். ஆனாலும் மூழ்கவில்லை. யாரும் சாகவும் இல்லை.

அன்றைக்கு ஜெயித்தும் என்ன? 1975-ல் ஐஸ்லாந்து எல்லையை 200 மைலாக்கியது. 1976 ஜூனில் பிரிட்டன் கையெழுத்துப் போட்டு ஒதுங்கியது. குண்டு துளைத்தும் நிற்காதவர்களை ஒரு கையெழுத்து நிறுத்திவிட்டது. தூரக் கடலுக்குப் போக வேலையில்லாத கப்பல்கள் ஒவ்வொன்றாகக் காயலான் கடைக்குப் போயின.

1989-ல் கிரிம்ஸ்பி டவுன் எஃப்.ஏ. கப்பில் ஐந்தாவது சுற்றுவரை வந்தபோது, ரசிகர்கள் கூட்டம் கூட்டமாய்க் கையில் மீனோடு போனார்கள். எல்லாம் வாயால் ஊதிய பிளாஸ்டிக் மீன். பெயர் கூட வைத்திருந்தார்கள், ஹாரி ஹாடக் என்று.