நாற்பது மெட்ராஸ்

"ஏங்கண்ணு, அந்த ஊரு எவ்வளவு தூரம் இருக்கும்?" என்றார் அம்மா. 2023 ஜூனில் மகளைப் பார்க்கப் போக, பெங்களூரிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு நேர் விமானத்தில் டிக்கெட் போட்டிருந்தோம். 14,000 கிலோமீட்டர் என்றேன். அம்மா முகத்தில் ஒரு சலனமும் இல்லை. சேலத்துக்காரருக்குத் தூரம் என்றால் மெட்ராஸ்தான்.

"மெட்ராஸ் போறாப்புல எத்தனை?"

கணக்குப் போட்டுப் பார்த்தேன். நாற்பது. "நாப்பது மெட்ராஸா!" என்று மோவாயில் கை வைத்தார்.

அன்று இரவு, பேரனின் உலக உருண்டையை எடுத்து, அம்மா பூ கட்டும் நூலை இரண்டு ஊருக்கும் நடுவில் இழுத்துப் பிடித்தேன். சுவரில் மாட்டியிருக்கும் வரைபடத்தில் கிழக்கே பசிபிக்கைத் தாண்டுவதுதான் நேர்வழியாகத் தெரியும். நூலோ வடக்கே ஏறியது: திபெத், சீனா, சைபீரியா, அலாஸ்கா. பெங்களூர்க்காரனுக்குக் குறுக்குவழி பனிக்காடு வழியாகவா!

ஆனால் விமானம் நூல் பிடித்துப் போவதில்லை. உள்ளே காற்றழுத்தம் குறைந்தால் உடனே 10,000 அடிக்கு இறங்கியாக வேண்டும். திபெத்தில் தரையே அதைவிட உயரம். அதோடு, மேலே மேற்கிலிருந்து கிழக்காக ஒரு காற்றாறு ஓடுகிறது. போகும்போது கடல் மேலே சுற்றிப் போனாலும் அந்தக் காற்று முதுகில் கை வைத்துத் தள்ளிவிடும். திரும்பும்போது அதே காற்று எதிரில் நிற்கும்; ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடிவிடும்.

ஏர் இந்தியா இந்தத் தடத்தைத் தொடங்கியது 2021 ஜனவரியில். சான் பிரான்சிஸ்கோவிலிருந்து கிளம்பிய முதல் விமானத்தைக் கேப்டன் ஜோயா அகர்வால் தலைமையில் பெண்களே ஓட்டி வந்தார்கள், வட துருவத்துக்கு மேலாக. 9ஆம் தேதி சனிக்கிழமை இரவு ஏறியவர்கள் 11ஆம் தேதி திங்கள் விடிகாலை பெங்களூரில் இறங்கினார்கள். ஞாயிற்றுக்கிழமை எங்கே போனது என்று அவர்களைத்தான் கேட்க வேண்டும்.

எங்களுக்கு நேர்மாறு. பிற்பகல் 2 மணிக்குக் கிளம்பி, 16 மணி நேரம் பறந்து இறங்கினோம். நான் கைக்கடிகாரத்தை மாற்றவில்லை. அதில் காலை 6. சேலத்தில் பால்காரர் வந்து மணி அடித்திருப்பார். விமான நிலையக் கடிகாரத்தில் மாலை 5.30, கிளம்பிய அதே நாள். மதியம் சாப்பிட்ட நாளிலேயே மறுபடி சாயங்காலக் காபி குடித்தேன். உடம்பு மட்டும் இந்தக் கணக்கை ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு வாரம் நடுராத்திரியில் பசித்தது.

நாற்பது மெட்ராஸைச் சொன்ன நேரத்துக்குக் கடந்துவிட்டோம். சிக்கியது அதற்கு முன்னால், ஓசூர் தாண்டி, பெங்களூர் சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில். சேலம், தருமபுரிப் பக்கமிருந்து தேவனஹள்ளி விமான நிலையத்துக்குப் போகிறவர்கள் அந்த ஒரு இடத்துக்கென்றே இரண்டு மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.