வண்டி இழுக்க மாட்டேங்குதுங்க!

மொதல்லயே சொல்லிடறேன், நான் மெக்கானிக் இல்லை. ஒரு பழைய வேனோட மூணு மாசம் மல்லுக்கட்டி, கைக்காசையும் கொஞ்சம் தொலைச்சவன், அவ்வளவுதான். இதே மாதிரி கிழட்டு வண்டி வெச்சிருக்கறவங்க யாருக்காச்சும் உதவுமேன்னு எழுதறேன்.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். வேன் எங்கப்பாவுது. கார்புரேட்டர் வெச்ச மாருதி ஆம்னி. 796 சிசி, மூணு சிலிண்டர், சுமார் 35 குதிரைச் சக்தி. பவானியிலிருந்து ஜமக்காளக் கட்டுகளை இதுலதான் ஈரோட்டுக்கும் கோயமுத்தூருக்கும் கொண்டுபோவார். அவர் போனப்புறம் ரெண்டு வருசம் வேப்பமரத்தடியில சும்மாவே நின்னுச்சு. "இரும்புக் கடைக்குப் போட்டுரு மாப்ளே"ன்னார் மாமா. மனசு வரலை. பின்சீட்டை மடக்கி மேல பலகையப் போட்டு, அப்பா கடைசியா வாங்கியாந்த ஜமக்காளத்தை விரிச்சேன். ரெண்டு பேர் காலை நீட்டித் தூங்கலாம். வெளிநாட்டுல கேம்பர் வேனுக்குக் கொட்டிக் கொடுக்கறாங்க, நமக்குப் பலகைக் காசோட முடிஞ்சுது :)

மொதப் பயணம் அம்மாவோட பர்கூர் மலைக்கு. அந்தியூர் வரைக்கும் வண்டி அறுபதுல பறந்துச்சு. வரட்டுப்பள்ளம் தாண்டி மலை ஏற ஆரம்பிச்சதும் கொஞ்ச தூரம் நல்லாத்தான் போச்சு. அப்புறம் மூச்சு வாங்குச்சு. மூணாவது கியர், ரெண்டாவது, ஒண்ணாவது... ஒரு வளைவுல அப்படியே நின்னுபோச்சு. சாயங்காலம் அஞ்சரை மணி, யானை நடமாடற காடு. இறங்கி ஓடிப்போய் பின் சக்கரத்துக்குக் கல்லு வெச்சேன். கை நடுங்குது. வாய்க்கு வந்தபடி வண்டியத் திட்டறேன். உள்ள இருந்து அம்மா, "அதைத் திட்டாத சாமி, உங்கப்பா கையால தொட்ட வண்டி"ன்னாங்க.

பத்து நிமிசம் கழிச்சு சாவியப் போட்டா, ஒண்ணுமே நடக்காத மாதிரி கிளம்புச்சு. இன்னும் கொஞ்ச தூரம் ஏறினதும் மறுபடி அதே கதை. திரும்பிட்டோம்.

மொத மெக்கானிக் கார்புரேட்டரைக் கழுவினார். ரெண்டாமவர் கிளட்ச் பிளேட்டை மாத்தினார். மூணாமவர் எட்ட நின்னு பார்த்துட்டே, "ரிங் போச்சு, இஞ்சினைப் பிரிக்கணும்"னார். இதுல என் மடத்தனம் என்னன்னா, ஒவ்வொரு தடவையும் பவானி ரோட்டுலயே ஓட்டிப் பார்த்துட்டு 'ஆஹா, சரியாயிடுச்சு'ன்னு காசைக் கொடுத்ததுதான்.

அப்புறம் ராத்திரி உக்காந்து கணக்குப் போட்டேன். ஆளும் சாமானுமாச் சேர்த்து 1200 கிலோன்னு வைங்க. 12 அடிக்கு 1 அடி உசரற ஏத்தத்துல 30 கிலோமீட்டர் வேகத்துல போக, தோராயமா 12 குதிரைச் சக்தி வேணும். சமதரையில 50ல போக அஞ்சோ ஆறோ போதும். அதாவது மெதுவா ஏறும்போதுதான் இஞ்சின் ரெண்டு மடங்கு பெட்ரோல் குடிக்குது. சமதரையில சோதிச்சா நோய் எப்படித் தெரியும்?

கடைசியில அந்தியூர்ல டிராக்டர் பார்க்கற ஒரு பெரியவர்கிட்ட போனேன். அவர் பானெட்டையோ சீட்டையோ தூக்கலை. "நின்ன வண்டி எத்தன நேரங் கழிச்சு எந்திரிச்சுது தம்பி?"ன்னு கேட்டார். இந்தக் கேள்விய அதுவரைக்கும் யாரும் கேட்கலை!

கிளட்ச் வழுக்கினா இஞ்சின் கத்தும், வேகம் ஏறாது. நம்மளுது கத்தவே இல்லை. பிரேக் பிடிச்சுக்கிட்டிருந்தா சக்கரம் கொதிக்கும், நியூட்ரல்ல தள்ளினாலும் நகராது. அதுவும் இல்லை. ரிங் போனா பத்து நிமிச ஓய்வுல ஆறாது. ஓய்வெடுத்தாத் தேறுதுன்னா தீனி பத்தலைன்னு அர்த்தம்னார். கார்புரேட்டருக்குள்ள சின்னதா ஒரு தொட்டி இருக்கு. ஏத்தத்துல அது காலியாகற வேகத்துக்குப் பெட்ரோல் வந்து சேரலை. நின்னுட்டு மறுபடி செல்ப் அடிச்சா மெதுவா ரொம்பிக்கும். சூட்டுல பெட்ரோல் குழாய்லயே ஆவியானாலும், டேங்க் மூடியில காத்து போற வழி அடைச்சாலும் இதே மாதிரிதான் ஏமாத்துமாம்.

மூடியைத் தொறந்து பார்த்தார், 'புஸ்'ஸுன்னு காத்து இழுக்கற சத்தம் வரலை. இஞ்சின் ஆறினப்புறம், கார்புரேட்டருக்குப் போற குழாயைக் கழட்டி பாட்டில்ல விட்டு செல்ப் அடிச்சார். ஏதோ பேருக்கு ஒழுகுச்சு. அடுத்து பம்ப்புக்கு டேங்க்ல இருந்து வர்ற குழாயை எடுத்துட்டு, ஒரு கேன்ல இருந்து நேரா பெட்ரோல் கொடுத்தார். பீச்சி அடிச்சுது! ஆக பம்ப் நல்லாருக்கு, அடைப்பு அதுக்குப் பின்னால. (இதை நீங்களா வீட்டுல செஞ்சு பார்க்காதீங்க, பக்கத்துல ஒரு பீடி போதும்.)

பில்டரை அறுத்துக் காட்டினார். உள்ள காப்பிப் பொடி மாதிரி துரு. பாதி டேங்க்கோட ரெண்டு வருசம் நின்ன வண்டி. மேல் பாதியில இருந்த காத்தோட ஈரம் தகரத்தைத் தின்னிருக்கு. போதாக்குறைக்கு இப்ப பெட்ரோல்ல 20% வரைக்கும் எத்தனால் கலக்கறாங்க. அது ஈரத்தை இழுத்துக்கும், பழைய டேங்க்ல ஒட்டிக் கிடக்கற அழுக்கையும் பேத்துவிடும், பழைய ரப்பர் குழாயையும் கெடுக்கும். டேங்க்கை இறக்கிக் கழுவி, குழாயும் பில்டரும் புதுசாப் போட்டோம். எல்லாம் சேர்த்து கிளட்ச்சுக்கு அழுததுல கால்வாசி கூட ஆகலை.

வீட்டுக்கு வந்து டேஷ்போர்டுல இருந்த அப்பாவோட நோட்டை அன்னிக்குத்தான் தொறந்தேன். அவர் கையெழுத்தைப் பார்க்கத் தெம்பில்லாம ரெண்டு வருசமா தொடாத நோட்டு. ஒவ்வொரு தடவை பில்டர் மாத்தினப்பவும் தேதி, கிலோமீட்டர், விலை எல்லாம் வரிசையா இருக்கு. கடைசி வரியில, 'அடுத்த மாசம் பில்டர்'னு மட்டும். ரொம்ப நேரம் அங்கயே உக்காந்திருந்தேன்.

போன வாரம் மறுபடி பர்கூர் போனோம். 35 குதிரை என்னிக்கும் 35தான், ரெண்டாவது கியர்ல உருட்டிக்கிட்டே போனேன். பின்னால ஒரு பஸ்ஸு ஹாரன் அடிச்சு அடிச்சே ஓய்ஞ்சுபோச்சு. மேல தாமரைக்கரையில செவலையும் வெள்ளையுமா பர்கூர் மாடுங்க ரோட்டைக் கடக்க, வண்டிய ஓரங்கட்டி நிறுத்திட்டு, "அம்மா, வந்துட்டோம்"னு திரும்பிப் பார்த்தேன். ஜமக்காளத்துல நல்லாத் தூங்கிட்டிருந்தாங்க.

நோட்டுல தேதியும் கிலோமீட்டரும் எழுதி, அப்பா விட்ட வரிக்குக் கீழ, 'பில்டர் மாத்தியாச்சு'ன்னு போட்டேன்.