பெயர்ப்பலகை வேறு, கடை வேறு

திருநெல்வேலி டவுணில், நெல்லையப்பர் கோவிலுக்கு எதிரே மாலையில் திறக்கும் இருட்டுக்கடையை அறியாதார் இலர். அல்வாவின் புகழ் பெருகியபின், அதே பெயரைச் சூட்டிக்கொண்ட கடைகள் வேறிடங்களிலும் தோன்றின. வெளியூரார் பலகையை நம்பினர். உள்ளூராரோ இடமறிந்து வாங்கினர்.

முகநூலிலும் வாட்ஸ்அப்பிலும் நாம் காணும் பெயரும் படமும் வெறும் பலகையே. ஒருவருடைய படத்தை எடுத்து அவர் பெயரில் கணக்குத் தொடங்கச் சில நிமிடங்கள் போதும். நலம் விசாரித்தபின், "அவசரம், பணம் அனுப்புங்கள், கூட்டத்தில் இருக்கிறேன், அழைக்க வேண்டாம்" என்ற செய்தி வரும். மேலதிகாரியின் பெயரால் பரிசுக் கூப்பன் கேட்கும் மோசடி குறித்து, அந்நாளில் தமிழகக் காவல்துறைத் தலைவராயிருந்த சைலேந்திரபாபு 2022-இல் எச்சரித்தார். பங்குக்குருவின் பெயராலும் இவ்வாறே கேட்கின்றனர் என்று அமெரிக்க மறைமாவட்டங்கள் பல அறிவித்துள்ளன. நாம் யாரை மறுக்க மாட்டோமோ, அவர் முகத்தையே வஞ்சகர் அணிகின்றனர்.

போலியை அறிவது எங்ஙனம்? ஏற்கெனவே நண்பராயிருப்பவர் மீண்டும் நட்பு கோருவார்; கணக்கு புதியதாயிருக்கும்; பழைய பதிவுகள் அரிதாயிருக்கும்; பணம் சேரவேண்டிய பெயரோ வேறொருவருடையதாயிருக்கும். அவசரமும் இரகசியமும் ஒருங்கே வந்தால் ஐயுறுக.

கண் மங்கிய ஈசாக்கு, குரலில் ஐயம் எழுந்தபோது, "நீ யார்?" என்று எதிரே நின்றவனிடமே வினவினார், பிறரை அழைத்துக் கேட்டாரில்லை. நாமும் வந்த செய்திக்கே, "நீங்கள்தானா?" என்று பதில் எழுதினால், "ஆம்" என்ற விடையே வரும். ஆகவே, நம்மிடம் முன்பே உள்ள எண்ணில் அழைத்துக் குரலைக் கேட்போம். குரலையும் இயந்திரம் போலி செய்யும் காலமிது. எனவே, வீட்டார் மட்டும் அறிந்த சொல் ஒன்றைக் குறித்து வைத்துக்கொள்வதும் நன்று. வளைகுடா நாடுகளில் பிள்ளைகள் உழைக்கும் இல்லங்களுக்கு இது மிகவும் தேவை.

பணம் போய்விட்டதெனில் தாமதிக்கலாகாது. உடனே 1930 என்ற எண்ணை அழைத்து, வங்கிக்கும் தெரிவிக்க வேண்டும். வஞ்சகர் பணத்தை எடுக்குமுன் அதைத் தடுத்து நிறுத்த வாய்ப்புண்டு. போலிக் கணக்கைப் பற்றி அச்செயலியிலேயே புகார் செய்வதோடு, உற்றாரையும் எச்சரிப்போம்.

ஏமாந்த முதியோர் பலர் பிள்ளைகளின் ஏச்சுக்கு அஞ்சி வாய் திறவாதிருக்கின்றனர். அந்த மௌனமே வஞ்சகருக்கு வேலி. அவர்களை ஏமாற்றியது அறியாமையன்று, உதவத் துடித்த அன்பு. அன்பைக் கடிந்துகொள்ளாமல், அதற்கு விழிப்பைத் துணையாக்குவதே வீட்டாராகிய நம் கடமை.