மேல்மண் எங்கே போனது?

"குத்தகைக் காலம் முடிந்ததும் நிலத்தைப் பழைய நிலைமைக்குக் கொண்டுவந்து ஒப்படைக்கிறோம்." சரளைக் குவாரிக்குப் பட்டா நிலத்தை விடும் ஒப்பந்தங்களில் இப்படியொரு வரி கடைசிப் பக்கத்தில் இருக்கும். சிவகங்கை மாவட்டத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்த ஆத்தா வழக்கறிஞரான என்னிடம் நீட்டிய பத்திரத்திலும் இருந்தது. "கைநாட்டு வைக்கையில இதைத்தான் தம்பி ரெண்டு தரம் படிச்சுக் காட்டுனாக" என்றார்.

நிலம் இரண்டு ஏக்கர். மேலே ஓரடிச் செவல், அதற்குக் கீழே சரளை. மழையை நம்பி நிலக்கடலை போட்டு வந்த புஞ்சை. ஒப்பந்ததாரர் ஹிட்டாச்சியை ஏற்றிக்கொண்டு போன பிறகு அங்கே இருந்தது, நான்கு பக்கமும் செங்குத்தாக வெட்டிய பள்ளம். பக்கத்துப் பட்டாவை ஒட்டி 7.5 மீட்டர் தொடாமல் விட்டிருக்க வேண்டும். அதையும் தோண்டியிருந்தார்கள். ஒவ்வொரு மழைக்கும் பக்கத்துக் காட்டின் வரப்பு சரிந்து உள்ளே விழ, அந்தக் காட்டுக்காரரும் ஆத்தாவைத்தான் ஏசினார்.

குவாரி நிலத்தைச் சீரமைப்பது தோண்டி முடித்த பிறகு செய்யும் வேலை என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது முதல் நாளே முடிவாகிவிடுகிறது. மேல்மண்ணை முதலில் வழித்தெடுத்து, ஓரமாகத் தாழ்வாகக் குவித்து, மேலே புல் விதைத்துக் காப்பாற்றினால் பள்ளத்தின் மேல் திரும்பப் பரப்பலாம். விற்றுவிட்டால் எந்த நீதிமன்றமும் அதைத் திருப்பித் தர முடியாது. ஓர் ஏக்கரில் ஓரடி மண் என்பது 43,560 கன அடி. யூனிட் கணக்கில் 435-க்கு மேல். மூன்று யூனிட் டிப்பரில் ஏற்றினால் 145 நடை. இரண்டு ஏக்கருக்கு அதைப்போல் இரு மடங்கு. அவ்வளவு மண் எங்கே போனது என்பதுதான் என் வழக்கின் மையக் கேள்வியானது.

இதற்குச் சட்டத்தில் பிடி இல்லாமல் இல்லை. தீபக் குமார் வழக்கில் 2012 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், ஐந்து ஹெக்டேருக்குக் குறைந்த சிறுகனிமக் குவாரிக்கும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்றது. 2020 ஜனவரியில் இன்னொரு வழக்கில், சுரங்கம் முடிந்த இடத்தில் மீண்டும் புல் வளர்த்துத் தர வேண்டும் என்பதைக் குத்தகை நிபந்தனையாகச் சேர்க்கச் சொன்னது. ஆகவே ஒப்பந்ததாரர் அதிகாரிகளிடம் கொடுத்த சுரங்கத் திட்டத்தைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கினேன். மேல்மண் அளவு என்ற இடத்தில் "இல்லை" என்று எழுதியிருந்தது. மண்ணே இல்லை என்று எழுதிவிட்டால் அதைச் சேமிக்கும் கடமையும் இல்லாமல் போகிறது. அந்த ஒரு சொல்லை எழுதியவர்மேல் எனக்கு இன்றும் கோபம் தீரவில்லை.

அந்த "இல்லை"க்குப் பதில் கிராம நிர்வாக அலுவலகத்தில் கிடைத்தது. கிராமக் கணக்கு எண் 2, அடங்கல். அந்தப் புல எண்ணுக்கு எதிரே வருடம் தவறாமல் நிலக்கடலை. பிறகு நடைச்சீட்டுகளை நீதிமன்றம் மூலம் வரவழைத்தேன். ஒப்பந்ததாரர் எடுத்திருந்தது சாலை வேலை. ஆனால் முதல் வாரத்துச் சீட்டுகளில் சேருமிடம் எல்லாம் வீட்டு மனைப் பிரிவுகள். குறுக்கு விசாரணையில் இரண்டையும் அவர் முன் வைத்தேன். அந்த லோடுகளும் சரளைதான் என்றார். அப்படியானால் கடலை எதில் விளைந்தது என்று கேட்டேன். "எனக்குத் தெரியாது" என்று பதிவாயிற்று. எங்களுக்கு அது போதும்.

என்ன பரிகாரம் கேட்பது என்பதில்தான் நான் தொடக்கத்திலேயே நிறைய யோசித்திருந்தேன். அவரையே வந்து சீரமைக்கச் சொல்லி உத்தரவு வாங்கினால், நாலு லோடு கட்டட இடிபாட்டைக் கொட்டிவிட்டு முடிந்தது என்பார். அதனால் 2018-ல் திருத்தப்பட்ட குறித்தவகைத் துயர்துடைப்புச் சட்டத்தின் 20-ஆம் பிரிவைப் பிடித்தேன். முப்பது நாள் குறையாமல் அறிவிப்பு கொடுத்து, அவர் செய்யாவிட்டால் நாமே செய்து செலவை அவரிடம் வசூலிக்கலாம். ஆனால் முதலில் செய்து முடித்திருக்க வேண்டும். செய்யாத வேலைக்குச் செலவு கேட்க முடியாது. பணமில்லாதவருக்கு இது கடினமான நிபந்தனை. ஆத்தாவின் மகள் கூட்டுறவு வங்கியில் நகையை வைத்தார். அது ஓர் ஏக்கருக்குத்தான் போதுமானதாக இருந்தது.

அறிவிப்புக் காலம் முடிந்ததும் வழக்கறிஞர் ஆணையரும் சர்வேயரும் வந்து அளந்து படமெடுத்தார்கள். அதன் பிறகே வேலை தொடங்கியது. முதலில் சுவரைச் சரிவாக்கினார்கள். டிப்பர் ஓடி ஓடிப் பள்ளத்தின் அடி சிமெண்டுத் தரைபோல் இறுகியிருந்தது. மழைநீர் இறங்காமல் தேங்கியது. உளிக்கலப்பை விட்டு அதைப் பிளந்தார்கள். மேலே போட மண்? 2017 முதல் கண்மாய் வண்டலை விவசாயிகள் இலவசமாக எடுக்க அரசு வழி செய்திருந்தது. உரிய அனுமதியுடன் ஊர்க் கண்மாயிலிருந்து எடுத்தோம். வண்டல் இலவசம்தான்; டிராக்டர் வாடகையும் அள்ளும் கூலியும் ஏறிக்கொண்டே போயின. ஒவ்வொரு நடைக்கும் ரசீது வாங்கச் சொல்லியிருந்தேன். ஆத்தா அவற்றை ஒரு நூலில் கோத்து வைத்திருந்தார். வண்டலைப் பரப்பி, தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் பருவத்தில் மடக்கி உழுதார்கள்.

செய்து முடித்த ஏக்கருக்கு ரசீதுப்படி முழுச் செலவையும், செய்யாத ஏக்கருக்கும் பக்கத்து வரப்புக்கும் இழப்பீடும் தர உத்தரவானது. ஒப்பந்ததாரர் மேல்முறையீடு செய்தார். பிறகு சமரச மையத்தில் கொஞ்சம் குறைத்துக்கொண்டு கட்டினார். நகை மீண்டது. இரண்டாவது ஏக்கர் பள்ளமாகவே கிடக்கிறது, அந்தப் பணம் அதற்குப் பற்றாது.

அடுத்த வருடம் அதே ஊரிலிருந்து ஒருவர் புதுச் சரளைக் குத்தகைப் பத்திரத்தோடு வந்தார். ஆத்தா அனுப்பினாராம். "பழைய நிலைமை" என்ற வரியை அடித்துவிட்டு எழுதிக் கொடுத்தேன்: மேல்மண் முதலில் எடுக்கப்படும், புலப்படத்தில் காட்டிய வடக்கு ஓரத்தில் குவிக்கப்படும், எல்லைக்கல் தாண்டாது, சீரமைப்புச் செலவு முன்கூட்டியே நிலத்துக்காரர் பெயரில் வங்கியில் வைப்பாக இருக்கும். வைப்புத் தொகை என்றதும் குத்தகை கேட்ட ஒப்பந்ததாரர் பத்திரத்தை மடித்து வைத்துவிட்டார். அந்தப் புஞ்சையில் இன்னும் கடலை போடுகிறார்கள்.