தெரியாது என்றொரு விடை

பொழுதுபோக்கு ஆளுக்கு ஆள் மாறும். சிலர் தபால்தலை சேர்ப்பர். சிலர் புறா வளர்ப்பர். நாம் சேர்த்தவை பழங்கார்களின் உறுப்புகள். நண்பர்களோடு கூடி வளர்த்தது அவற்றைக் கொண்டு ஆடும் ஓர் ஆட்டம். எம் இல்லத்தார் அதற்கு இட்ட பெயர் ‘மரை கழன்றவர்களின் மாநாடு’. அவர்கள் வேடிக்கையாகச் சொன்ன அந்த மரையே ஒருநாள் நம் செருக்கையும் கழற்றியது. அதனைச் சொல்லவே இக்கட்டுரை.

ஆட்டத்தின் முறை எளியது. மாதம் ஒரு ஞாயிறன்று காலையில் நண்பர் எழுவர் எம் வீட்டுத் தாழ்வாரத்தில் கூடுவோம். முறை வைத்து ஒருவர், சென்னைப் புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் தேடியெடுத்த ஓர் உறுப்பைத் துணியால் மூடிக் கொணர்வார். துணியை விலக்கியதும் மற்றவர் அதனைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்து மூன்று வினாக்களுக்கு விடை கூற வேண்டும். இது யாது? எந்த வண்டியினது? எக்காலத்தது?

காரைக் கண்டு பெயர் சொல்லச் சிறுபிள்ளையாலும் முடியும். அதன் ஒரு துண்டைக் கண்டு முழு வண்டியையும் உணர்வதிலேதான் சுவை இருக்கிறது. ஒருமுறை சாண் நீளத்தில், மஞ்சள் நிற நாக்கு ஒன்று உள்ளே மடங்கிய இரும்புக் கூடு வந்தது. மின்கம்பிச் சுருளின் காந்த இழுப்பில் அந்நாக்கு வெளியே நீண்டு, வண்டி திரும்பும் திசையைக் காட்டும். விட்டு விட்டு மின்னும் விளக்கு வருமுன் இருந்த டிராஃபிகேட்டர் அது. மாரிஸ் மைனரில் 1961 வரை இருந்தது. மற்றொரு முறை வந்தது ஸ்டாண்டர்டு ஹெரால்டின் முன்மூடியைப் பக்கத்துக்கு ஒன்றாக நின்று பூட்டும் கொக்கி. அவ்வண்டியில் மூடி மட்டும் தனியே திறவாது; சக்கரங்களை மூடிய தகடுகளும் சேர்ந்து முன்னோக்கிச் சாயும். இங்கிலாந்தில் 1959-இல் டிரையம்ப் ஹெரால்டாகப் பிறந்து, 1961 முதல் நம் சென்னைப் பக்கத்திலேயே உருவான வண்டி அது. லூக்காஸ் நிறுவனத்தின் மின்கருவியாயின் ஆண்டைக் கூறுவது இன்னும் எளிது. மாதமும் ஆண்டும் உலோகத்திலேயே பொறிக்கப்பட்டிருக்கும். 2014-இல் உற்பத்தி நின்ற அம்பாசிடரின் உறுப்பு வந்தால் அனைவருக்கும் இளக்காரம். “நேற்றைய வண்டி” என்று தள்ளிவிடுவர்.

இவ்வாட்டத்தில் நாம் பல மாதம் தோற்றதில்லை. உறுப்பைத் தொட்ட மாத்திரத்தில் விடை சொல்வதையே பெருமையாகக் கொண்டோம். எம் கூட்டத்தில் முதியவர் ஒருவர் உண்டு. ஐம்பது ஆண்டுகள் பட்டறையில் உழைத்து ஓய்ந்தவர், பார்வை மங்கியவர். நாம் அவரை மேஸ்திரி என்போம். அவர் நம்மைத் தம்பி என்பார். அவர் எதனையும் நகத்தால் வருடிப் பார்ப்பார். பெரும்பாலும் “தெரியலை, தம்பி” என்று கூறிக் கொடுத்துவிடுவார். அவரை நாம் தோற்றவர் கணக்கிலேயே எழுதி வந்தோம்.

ஒரு ஞாயிறன்று நண்பர் ஒருவரின் மகன் வந்தார். தம் பாட்டனார் விட்டுச்சென்ற ஹிந்துஸ்தான் டென் காரை மீண்டும் ஓடவைக்க முயல்பவர். மாரிஸ் டென்னை ஒட்டி, விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் நம் நாட்டில் வந்த வண்டி அது. அதன் என்ஜினிலிருந்து கழற்றிய ஒரு சிறு போல்ட்டைத் துணிக்கு அடியில் வைத்தார். அவருக்கு அது ஆட்டம் மட்டுமன்று. தொலைந்துபோன சிலவற்றிற்கு ஈடாக எவ்வகைப் போல்ட் வாங்குவது என அறியவும் விரும்பினார்.

நாம் விட்வொர்த் ஸ்பானர் ஒன்றை எடுத்து அதன் தலையில் பொருத்தினோம்; கச்சிதமாக அமர்ந்தது. தடிமனும் ஏறக்குறைய 5/16 அங்குலம். “ஐயமே இல்லை, ஆங்கிலேய மரை” என்றோம். மேஸ்திரி நெடுநேரம் மரையை வருடினார். “எனக்குத் தெரியலை, தம்பி. அளந்து பார்த்துட்டு வாங்குங்க” என்றார். நாம் சிரித்தோம்.

ஒரு வாரம் கழித்து அப்பிள்ளை மீண்டும் வந்து நின்றார். நாம் சொன்னபடியே போல்ட் வாங்கி என்ஜினில் பூட்டியிருக்கிறார். இரண்டு சுற்று இறங்கிய பின் அது இறுகியது. நம் சொல்லை நம்பி நீண்ட பிடியிட்டு முறுக்கவே, போல்ட் உள்ளேயே முறிந்தது. என்ஜினின் மரையும் சிதைந்தது. அவர் நம்மைப் பழித்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. “நீங்க சொன்னா சரியா இருக்கும்னு நினைச்சேன், மாமா” என்றார். பழித்திருந்தால் தாங்கியிருப்போம்.

மேஸ்திரியிடமே ஓடினோம். அவர் மரை அளக்கும் தகடுகளை எடுத்துப் பழைய போல்ட்டின்மீது ஒவ்வொன்றாக வைத்துக் காட்டினார். நாம் கூறிய ஆங்கில நுண்மரையில் ஓர் அங்குலத்திற்கு 22 சுற்று. இந்தப் போல்ட்டிலோ 25-க்கும் சற்று மிகுதி. அதாவது ஒரு மில்லிமீட்டருக்கு ஒன்று. 5/16 அங்குலம் என்பது 7.94 மில்லிமீட்டர், இதுவோ 8 மில்லிமீட்டர். விரலுக்கு இரண்டும் ஒன்றே, இரும்புக்கு ஒன்றல்ல.

ஆங்கிலேய வண்டியில் மில்லிமீட்டர் மரை புகுந்தது எவ்வாறு? முதல் உலகப்போரின்போது ஹாட்ச்கிஸ் என்னும் பிரெஞ்சு ஆயுத நிறுவனம் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் தொழிற்சாலை அமைத்தது. போருக்குப் பின் அது மாரிஸுக்கு என்ஜின் செய்து தந்தது; 1923-இல் மாரிஸ் அதனையே விலைக்கு வாங்கினார். அங்கிருந்த இயந்திரங்கள் பிரெஞ்சு அளவில் மரை வெட்டுபவை. தொழிலாளர் கையில் இருந்த ஸ்பானர்களோ ஆங்கில அளவின. ஆகவே மரை மில்லிமீட்டரிலும் தலை விட்வொர்த் அளவிலும் அமைந்தன. அவ்வழக்கமே பின்வந்த மாரிஸ் என்ஜின்களிலும் தொடர்ந்தது. நாம் தலையைப் பார்த்து உடலுக்குத் தீர்ப்புச் சொன்னோம்!

“அன்றே இதைச் சொல்லியிருக்கலாமே!” என்றோம், சற்றுக் கோபமாகவே. மேஸ்திரி தகடுகளை மடித்து வைத்தார். “சந்தேகமா இருந்துச்சு. சந்தேகத்தைச் சொன்னேன். தெரிஞ்சிருந்தா தெரியும்னு சொல்லியிருப்பேன்” என்றார்.

முறிந்த போல்ட்டைத் துளையிட்டு அகற்றிப் புது மரை வெட்ட ஒரு பட்டறையில் பல நாள் ஆயிற்று. செலவை நாம் ஏற்றோம். பிள்ளை மறுத்தும் விடவில்லை. இப்போது அவ்வண்டி ஓடுகிறது. அதில் ஏறிப் பாட்டனார் வாழ்ந்த தெருவழியே எம்மையும் ஒருமுறை அழைத்துச் சென்றார்.

ஆட்டத்திற்கும் புது விதி ஒன்று சேர்த்தோம். தவறான விடைக்கு ஒரு புள்ளி குறையும். ‘தெரியாது’ என்பதற்குக் குறையாது. பழைய ஏடுகளை எடுத்து இவ்விதியின்படி கணக்கைத் திருப்பிப் போட்டோம். எல்லா மாதமும் முதலில் நிற்பவர் மேஸ்திரியே.