அந்த 500 மீட்டர்

2017 ஏப்ரலில் ஒரு புகைப்படம் கைபேசிக்குக் கைபேசி தாவிக்கொண்டிருந்தது. எர்ணாகுளம் மாவட்டத்து வடக்கன் பறவூரில், தேசிய நெடுஞ்சாலையோரம் இருந்த ஐஸ்வர்யா என்கிற பாரின் படம். சாலையிலிருந்து பார்த்தால் கட்டடம் கைக்கெட்டும் தூரம். ஆனால் உள்ளே போகிறவர், கடைக்காரர் தன் சொந்த மனையில் கான்கிரீட் பலகைகளை நட்டுக் கட்டியிருந்த சந்துக்குள் நுழைந்து, இடமும் வலமுமாகத் திரும்பித் திரும்பி நடந்தாக வேண்டும். நெடுஞ்சாலைக்கும் மதுக்கடைக்கும் இடையே 500 மீட்டர் இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. இந்தச் சுற்றுவழியோடு சேர்த்தால் தங்கள் கடை 520 மீட்டர் தள்ளி இருக்கிறது என்பது பார் தரப்பின் கணக்கு.

படத்தை அனுப்பியவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதே மாதம் எங்கள் ஊரில், திண்டிவனம் சாலை ஓரத்தில் இருந்த டாஸ்மாக் கடையை மூடிவிட்டு, ஊருக்குள் பள்ளிக்கூடம் போகிற பாதையில் திறந்திருந்தார்கள். “ரோட்டுல இருந்தப்ப வண்டிக்காரன் குடிச்சான். இப்ப நம்ம வீட்டுப் பையன் குடிக்கிறான்” என்று சித்தி போனில் அழுதாள். பறவூரில் சுவர் எழுப்பியதும் எங்கள் ஊரில் கடையை நகர்த்தியதும் ஒரே உத்தரவுதான். அந்த 500 மீட்டரை யார், எதற்காக அளந்தார்கள் என்று தேடத் தொடங்கினேன்.

முதலில் பறவூர். சுற்றி நடந்தால் தூரம் கூடிவிடுமா? கேரளத்துக் கலால் துறை அதிகாரிகள் அப்போது சொன்ன பதில் தெளிவானது: வான்வழித் தூரத்தை அளப்பதில்லை, நடந்து போகும் வழியைத்தான் அளக்கிறோம். நுழைவாயிலை மாற்றியதற்கு மட்டும் அபராதம் உண்டு என்றார்கள். இது அன்றைக்கு முளைத்த வழக்கம் அல்ல. பள்ளி, கோயில், தேவாலயம், பள்ளிவாசல் போன்றவற்றிலிருந்து கள்ளுஷாப்பு 400 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்பது கேரளத்தின் 2002ஆம் ஆண்டு விதி. அந்தத் தூரத்தை, பொதுமக்கள் நடக்கிற வழிகளில் மிகக் குறுகியது எதுவோ அதில், வாசலிலிருந்து வாசலுக்கு அளக்க வேண்டும் என்றும் அதே விதி சொல்கிறது. கடைக்காரர்கள் இந்த அளவுகோலோடு ஆண்டுக்கணக்கில் பழகியவர்கள். குறுகிய வழி ஒன்றே ஒன்றாக இருந்து, அதுவே நீளமானதாகவும் இருந்துவிட்டால் என்ன ஆகும் என்பதைப் பறவூர் செய்து காட்டிவிட்டது.

அடுத்து தீர்ப்பு. 2016 டிசம்பர் 15 என்று தேதியிட்ட அந்தத் தாளைத் திறந்ததும், வழக்கின் பெயரிலேயே கண் நின்றுவிட்டது: தமிழ்நாடு அரசு எதிர் கே. பாலு. பறவூரில் எழுந்த சுவருக்கு வேர் நம் மண்ணில்தான் இருந்திருக்கிறது. வழக்கறிஞர் கே. பாலு, நெடுஞ்சாலை ஓரத்து டாஸ்மாக் கடைகளை அகற்றச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் போனார். கடைகளை மாற்றும்படி 2013இல் உத்தரவு வந்தது. மதுவை விற்பதே தமிழ்நாட்டில் அரசு நிறுவனம்தான். 1983இல் தொடங்கிய டாஸ்மாக் 2003 நவம்பரிலிருந்து சில்லறை விற்பனையையும் தன் கையில் வைத்திருக்கிறது. அதனால் அரசே உச்ச நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்தது.

அங்கே அதனோடு சேர்ந்துகொண்டது வடக்கிலிருந்து வந்த இன்னொரு வழக்கு. சண்டிகரைச் சேர்ந்த ஹர்மன் சிங் சித்து 1996இல் நண்பர்களோடு இமாச்சலப் பிரதேசம் போனபோது அவர்கள் கார் பள்ளத்தில் உருண்டது. தண்டுவடம் அடிபட்டுச் சக்கர நாற்காலிக்கு வந்தவர், சாலைப் பாதுகாப்புக்காக ‘அரைவ் சேஃப்’ என்ற அமைப்பைத் தொடங்கினார். பானிபட்டிலிருந்து ஜலந்தர் வரை 291 கிலோமீட்டரில் 185 மதுக்கடைகள் இருப்பதை எண்ணிக் காட்டி வழக்குப் போட்டார். நடக்க முடியாத ஒருவர் சாலை நெடுகக் கடைகளை எண்ணியிருக்கிறார் என்று படித்த இடத்தில் கொஞ்ச நேரம் தாளை மூடி வைத்தேன்.

இருவருக்கும் முன்பே அரசுக்கு இது தெரியும். நெடுஞ்சாலையோரம் மதுக்கடைக்கு உரிமம் தரக்கூடாது என்று தேசிய சாலைப் பாதுகாப்புக் கவுன்சில் 2004இலேயே ஒருமனதாகப் பரிந்துரைத்தது. ஒன்றிய அரசு மாநிலங்களுக்குக் கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதியது. 2015இல் மட்டும் நாட்டில் 5,01,423 சாலை விபத்துகள், 1,46,133 சாவுகள். அந்தச் சாவுகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் தேசிய நெடுஞ்சாலைகளில் நடந்தவை. நாட்டின் மொத்தச் சாலை நீளத்தில் தேசிய நெடுஞ்சாலைகளின் பங்கோ நூற்றுக்கு இரண்டுகூட இல்லை. இத்தனை சாவுகளைப் பார்த்த நீதிமன்றம் கோடு கிழிக்காமல் இருந்திருக்க முடியாது.

கோடு எங்கே என்பதில்தான் சிக்கல். சாலையில் போகிறவர் கண்ணில் கடை படக்கூடாது, எளிதில் போய்வர முடியக்கூடாது என்பது தீர்ப்பின் நோக்கம். அந்த நோக்கம் 500 என்ற எண்ணாகியது. 2017 மார்ச் 31 அன்று அதே நீதிமன்றம், 20,000 பேர் அல்லது அதற்கும் குறைவானவர்கள் வாழும் உள்ளாட்சிப் பகுதிகளுக்கு 220 மீட்டர் போதும் என்று திருத்தியது. இந்த 220ம் 20,000மும் ஒன்றிய அரசின் மாதிரி மதுக்கொள்கையில் ஏற்கெனவே இருந்த எண்கள்தாம். கடைகளுக்கு மட்டுமல்ல, பார்களுக்கும் உணவகங்களுக்கும் உத்தரவு பொருந்தும் என்று அன்றுதான் விளக்கம் வந்தது. பறவூரில் சுவர் எழும்பியது அடுத்த சில நாட்களில்.

ஒரு சின்ன ஊரின் பார் மட்டும் சுற்றுவழி கட்டியதுபோல நாம் சிரித்தோம். ஆனால் அரசுகள் கட்டியவை இன்னும் பெரியவை. சண்டிகர் தன் எல்லைக்குள் இருந்த மாநில நெடுஞ்சாலைகளைக் காகிதத்தில் மாவட்டச் சாலைகளாக்கிவிட்டது. கடை இருந்த இடத்திலேயே இருந்தது, சாலையின் பெயர்தான் இடம்பெயர்ந்தது. தமிழ்நாட்டிலும் அந்த முயற்சி நடந்து, உயர் நீதிமன்றப் படியேறியது. இங்கே 3,321 கடைகள் மூடப்பட்டன. மூடியவற்றுக்கு மாற்றிடம் தேடி ஊருக்குள் வந்தபோது, பெண்கள் சாலையில் உட்கார்ந்தார்கள். திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் அப்படி உட்கார்ந்த பெண் ஒருவரைக் காவல்துறை அதிகாரி கன்னத்தில் அறைந்ததை நாடே பார்த்தது. சாலையில் போகும் உயிர்களைக் காக்கப் பிறந்த உத்தரவு, போய் நின்ற இடம் அது.

கொடுங்கல்லூருக்குப் போகும் வழியில் ஒருமுறை பறவூரில் இறங்கினேன். இந்த ஊருக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும் அதற்கு முன்பே ஒரு பழைய கணக்கு உண்டு. இந்தியாவில் முதன்முதலாக மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் வைத்தது பறவூர் தொகுதியில்தான், 1982 மே 19 அன்று, 50 வாக்குச்சாவடிகளில். சிவன் பிள்ளை 123 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். தோற்ற ஏ.சி. ஜோஸ் வழக்குப் போட்டார். சட்டத்தில் வாக்குச்சீட்டுதான் இருக்கிறது, இயந்திரம் இல்லை என்று 1984இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தேர்தலைச் செல்லாதென்றது. மறுவாக்குப்பதிவில் ஜோஸ் வென்றார். நாடாளுமன்றம் 1988இல் சட்டத்தைத் திருத்தி இயந்திரத்துக்கு இடம் தந்தது.

சட்டத்தின் சொல்லுக்கும் நோக்கத்துக்கும் நடுவே இடைவெளி இருப்பதைப் பறவூர் இரண்டு முறை நாட்டுக்குக் காட்டியிருக்கிறது. முதல் முறை, நாடு உட்கார்ந்து சட்டத்தைச் சரியாக எழுதிக்கொண்டது. இரண்டாம் முறை கோட்டையே அழித்தோம். நகராட்சி எல்லைக்குள் இருக்கும் கடைகளுக்கு இந்தத் தடை இல்லை என்று 2017 ஜூலை 11 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2018 பிப்ரவரியில், மற்ற உள்ளாட்சிப் பகுதிகளிலும் எங்கே விலக்குத் தரலாம் என்பதை மாநிலங்களே முடிவுசெய்யட்டும் என்றது. குடித்தவர் வண்டி ஓட்டுவதை எப்படித் தடுப்பது என்று, 2004 ஜனவரியில் சாலைப் பாதுகாப்புக் கவுன்சிலின் பரிந்துரை எழுப்பிய கேள்வி அப்படியே நிற்கிறது.

அதற்குப் பதில் சொல்லும் அளவு ஒன்று ஏற்கெனவே சட்டத்தில் உண்டு. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் வண்டி ஓட்டுவது குற்றம் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவு. அதை அளக்க ஒவ்வொரு இரவும், ஒவ்வொரு சாலையிலும் ஊதவைக்கிற கருவியோடு ஆள் நிற்க வேண்டும். கடையை அளக்க ஒரு நாள் டேப் பிடித்தால் போதும். எளிதான அளவை எடுத்துக்கொண்டு, கடினமான அளவை விட்டுவிட்டோம். பறவூரின் சுவரையோ, கே. பாலுவையோ, ஹர்மன் சிங்கையோ நான் குறை சொல்ல மாட்டேன். அந்த இருவரும் சாவைத் தடுக்கத்தான் வாசல் வாசலாக ஏறினார்கள்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது, மெயின் ரோட்டிலிருந்து எங்கள் ஊர்க் கடைவரை நடந்து பார்த்தேன். 740 தப்படி. உத்தரவின் கணக்குக்குச் சரியாகவே இருந்தது. பொழுது சாய்ந்த நேரம். கடை வாசலில் பதினேழு பைக்குகள் வரிசையாக நின்றன. அந்தத் தூரத்தை நடந்து வந்தவன் அங்கே நான் ஒருவன்தான். ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். சட்டைப்பையில் சாவியைத் துழாவினார்கள். நான் நடந்து வந்த பாதையில், மெயின் ரோட்டைப் பார்த்து வண்டியைத் திருப்பினார்கள்.