உயர்த்திய வண்டி

விழா மலருக்கு ஏதேனும் எழுதித் தருக என நண்பர்கள் கேட்டபோது, நான் இலக்கியம் பற்றியே எழுதுவேன் என அவர்கள் எண்ணியிருப்பர். தமிழாசிரியன் ஒருவன் மோட்டார் வண்டியைப் பற்றி எழுதப் புகுவது சிலருக்கு நகைப்பைத் தரலாம். எனினும், பல ஆண்டுகளாக வகுப்பில் நான் கற்பித்துவந்த பாடமொன்றை எனக்குக் கற்பித்தது ஒரு பழைய காரே. அதனைச் செப்பனிட்டவனும் நம் கல்லூரியின் பழைய மாணவனே. ஆதலால் இக்கதைக்கு இம்மலரில் இடமுண்டு எனத் துணிந்தேன்.

என் தந்தையார் மாத்தளை மாவட்டத்தில், இரத்தோட்டைக்கு மேலேயுள்ள தேயிலைத் தோட்டமொன்றிற் பிறந்தவர். அவருடைய முன்னோர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழகத்திலிருந்து கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, மதவாச்சி, தம்புள்ளை வழியாக மாத்தளை வரை காட்டு வழியே நடந்து மலையேறிய கூட்டத்தைச் சேர்ந்தவர்கள். அவ்வழியில் நோயாலும் பசியாலும் மாண்டோர் பலர். 1977ஆம் ஆண்டுக் கலவரத்தின்போது தந்தையார் ஓரிரவில் தோட்டத்தை விட்டிறங்கிக் கிளிநொச்சிக்கு வந்தார். இங்கே காடு வெட்டினார், கிணறு தோண்டினார், வயல் செய்தார். நான் பிறந்தது இம்மண்ணிலேயே. மலையைப் படத்தில் மட்டுமே கண்டிருந்தேன்.

சென்ற ஆண்டு அவர் நோயுற்றுத் தேறிய ஒரு மாலையில், "தம்பி, கண்ணு தெரியிறப்பவே அந்த மேட்டு லயத்த ஒருதரம் பாத்துட்டு வந்திரணும்" என்றார். அதுவரை தமக்கென எதனையும் அவர் என்னிடம் கேட்டதில்லை.

இரத்தோட்டை வரை நல்ல வீதி உண்டு. தோட்டத்தின் மேற்பிரிவுக்குச் செல்லும் பாதையோ கற்கள் பெயர்ந்து, மழைநீர் அறுத்துப்போன செங்குத்தான ஏற்றம் எனக் கேள்வியுற்றேன். சாதாரணக் காரின் அடிப்பாகம் அங்கே கல்லில் மோதும். உழவு இயந்திரத்தில் ஏற்றிச் செல்லத் தந்தையாரின் முதுகு இடந்தராது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதன் பின் பழைய ஜீப்பின் விலையும் ஆசிரியன் கைக்கு எட்டாத உயரத்துக்குச் சென்றது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்குக் கதவு திறந்தபோதும், வரிச்சுமையால் அது எனக்கு எட்டவில்லை.

அப்போதுதான் என் வகுப்புத் தோழனை நினைத்தேன். 1996இல் கிளிநொச்சியை விட்டு நாம் இடம்பெயர்ந்து மரநிழலிற் படித்த நாட்களில் அவன் படிப்பைக் கைவிட்டு ஒரு கராஜிற் சேர்ந்தான். பொருளாதாரத் தடைக்காலம் அது. ஒஸ்ரின், மொறிஸ் கார்கள் சில துளி பெற்றோலில் உயிர்பெற்று, பின் மண்ணெண்ணெயில் ஓடிய காலம். இல்லாததைக் கொண்டு இருப்பதை ஓடச் செய்யும் வித்தையை அவன் அங்கே கற்றான். இன்று அவனுக்குச் சொந்தமாக ஒரு கராஜ் உண்டு. அதன் மூலையில் ஒரு பழைய சுபாரு லியோன் கார் தூசு மூடிக் கிடந்தது. ஜப்பானியர் 1972 முதலே லியோன் வகையில் நான்கு சில்லுகளும் இழுக்கும் வண்டிகளைச் செய்தனர். தோழனிடம் இருந்தது 1980களிற் செய்யப்பட்டது. கியர்த் தடிக்கு அருகே இன்னொரு சிறு தடி உண்டு. அதனை இழுத்தால் பின்சில்லுகளும் முன்சில்லுகளோடு சேர்ந்து உழைக்கும்.

காரை உயர்த்தி மலைவழிக்கு ஆக்குவது புதுமையன்று. 1955இல் சோவியத் நாட்டினர் 'பொபேடா' என்னும் காரின் உடலை ஜீப்பின் உறுப்புகள்மீது உயரமாக அமைத்து 'எம்-72' என்ற வண்டியைச் செய்தனர். எங்கள் வேலை அத்துணைப் பெரிதன்று. சுருள்வில்லைத் தாங்கும் தூணின் தலைக்கும் வண்டியின் உடலுக்கும் இடையே உருக்குக் கட்டைகளை வைத்து உடலை உயர்த்துவதே தோழனின் திட்டம்.

"இரண்டு அங்குலம் போதும்" என்றான் அவன்.

"நான்கு வை, மலையல்லவா?" என்றேன் நான்.

"வாத்தியார், உயர்த்திறது லேசு. உயர்த்தினதைத் தாங்கப் பண்ணிறதுதான் பாடு. நாலு அங்குலம் எண்டால் எஞ்சின் தாங்கியையும் கீழே இறக்கவேணும், ஸ்ரியரிங் தண்டையும் நீட்டவேணும். அதுக்கு இப்ப சாமான் இல்லை."

எஞ்சினின் சுழற்சியைச் சில்லுக்குக் கொண்டுசெல்லும் தண்டுகள் ஏறத்தாழக் கிடையாக நிற்கவேண்டும் என்றும், உடல் உயர உயர அவை சரியும் என்றும், சரிவு மிகுந்தால் மூட்டுகள் முறியும் என்றும் அவன் விளக்கினான். வண்டி உயர்ந்தால் அதன் பாரமும் மேலேறும். சரிவிலே கவிழும் அச்சமும் கூடும் என்றான். நான் விடவில்லை. தந்தையாரின் ஆசையை முன்வைத்து வற்புறுத்தினேன். நட்புக்காக அவன் அரைமனத்தோடு இசைந்தான்.

இரணைமடுப் பக்கத்துக் கிறவல் பாதையொன்றில் வெள்ளோட்டம் பார்த்தோம். தந்தையார் தாமும் வருவேனென்று பின்னிருக்கையில் ஏறிக்கொண்டார். திரும்பும்போதெல்லாம் முன்சில்லில் 'டக் டக்' என்றோர் ஒலி எழுந்தது. தோழன் என் முகத்தைப் பார்த்தான். நான் வெளியே பார்த்தேன். வாய்க்கால் மேட்டில் ஏறுகையில் பெருஞ்சத்தத்தோடு மூட்டு முறிந்து, வண்டி பின்னோக்கி உருண்டது. தோழன் கைப்பிரேக்கை இழுத்து நிறுத்தியிராவிடின் மூவரும் வாய்க்காலுள் வீழ்ந்திருப்போம். என் கால்கள் நடுங்கின. தந்தையார் மட்டும் அமைதியாக, "மலையில வச்சு ஒடையாம இங்கயே ஒடைஞ்சிச்சே, நல்லதுதான்" என்றார்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. வலியறிதல் என்னும் அதிகாரத்தில், மயிலிறகேயாயினும் அளவு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்ற வள்ளுவர் கருத்தை எத்தனை முறை கரும்பலகையின் முன் நின்று விரித்துரைத்திருக்கிறேன்! என் தோழன் அக்குறளுக்குப் பரீட்சையில் விடை எழுதியவனல்லன். ஆனால் அதன் பொருளை அறிந்தவன் அவனே. முதியவர் ஒருவரை வைத்துக்கொண்டு நான் வீம்பு பேசினேனே என்ற நாணம் இன்றும் தீரவில்லை.

மறுநாள் அவனிடம் சென்று, "உன் அளவே அளவு" என்றேன். அவன் ஒரு சொல்லும் கடிந்து சொல்லவில்லை. பழைய மூட்டொன்றைத் தேடிப் பூட்டி, உடலை இரண்டு அங்குலமே உயர்த்தினான். சற்றுப் பெரிய ரயர்களை இட்டான்; எண்ணெய்த் தொட்டியைக் காக்க அடியில் உருக்குத் தகடு பொருத்தினான்; பிரேக் குழாய்கள் இழுபடாதவாறு பார்த்தான்; சில்லுகளின் சாய்வைச் சீர்செய்தான்; முன்விளக்குகளையும் தாழ்த்தித் திருப்பினான்.

ஒரு விடியற்காலையில் ஏ9 வீதியிற் புறப்பட்டோம். மாத்தளைக்கு 200 கிலோமீற்றருக்கும் அதிகம். தார் வீதி முடியும்வரை தோழன் அச்சிறு தடியைத் தொடவில்லை. வன்றரையில் நான்கு சில்லுகளும் பிணைந்து இழுத்தால் திருப்பத்தில் ஒன்றோடொன்று முரணி உறுப்புகளை வருத்துமாம். தோட்டப் பாதை தொடங்கியதும் அதனை இழுத்தான். முதற் கியரில், நடைவேகத்தில், வண்டி கல்மேற் கல்லாக ஏறியது. அடியில் ஓரிரு முறை கல் உரசியது, தகடு தாங்கிற்று.

மேற்பிரிவுக்குக் கால் மைல் தொலைவில் மதகொன்று உடைந்து கிடந்தது. தோழன் இறங்கிப் பார்த்தான். "இதுக்கு மேல வேண்டாம்" என்றான். முன்னையவனாயின் நான் மறுத்திருப்பேன். அன்று வாய் திறக்கவில்லை. தந்தையார் தாமே கதவைத் திறந்து இறங்கினார். ஒரு கையில் ஊன்றுகோலும் மறுகையில் என் தோளுமாக, இடையிடையே நின்று மூச்சு வாங்கி, அக்கால் மைலை நடந்தே ஏறினார்.

அந்த லய அறையில் வேறொரு குடும்பம் வாழ்கிறது. அவர்கள் எங்களை உள்ளே அழைத்துத் தேநீர் தந்தனர். தந்தையார் வாயிற்படியில் அமர்ந்து கீழே விரிந்த பள்ளத்தாக்கை நெடுநேரம் பார்த்திருந்தார். அழுவாரென அஞ்சினேன், அவர் அழவில்லை. பொழுது சாய்ந்தபோது எழுந்து, "போவோம் தம்பி, நாளைக்கு வயலுக்குத் தண்ணி கட்டணும்" என்றார்.

இப்பொழுதும் அவ்வதிகாரத்தைக் கற்பிக்கிறேன். கற்பிக்கும் நாட்களில் மாணவரை என் தோழனின் கராஜுக்கு அழைத்துச் சென்று, முறிந்த அம்மூட்டைக் காட்டுகிறேன். அதனை அவன் ஆணியொன்றில் தொங்கவிட்டிருக்கிறான்.